வாடைப் பக்கம் ஏழு பாகம்

மதுரை மேலமாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறேன். 22 வருசமாகிறது. எழுத்துப் பலகையைக் காட்டி, லென்சை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்பத் தெளிவா இருக்கா, முன்னாடி தெளிவா இருந்துச்சா" என்று கேட்பதுதான் தினசரி வேலை. அப்படிப்பட்ட என்னை ஒருவர் படகின் முன்பக்கத்தில் நிறுத்திவைத்து, ஒரு காலைப்பொழுது முழுக்க "தெரியுதா? தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

2019 மார்ச். அமெரிக்காவின் தென்கோடியில், ஃப்ளோரிடா கீஸ் தீவுகளில் இஸ்லமொராடா என்று ஒரு ஊர். தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே தூண்டில் பைத்தியம் உண்டு என்று தெரிந்து, தங்கச்சி மாப்பிள்ளை ஏற்பாடு செய்திருந்தார். "மச்சான், இது நம்ம ஊர் மாதிரி போட்டுட்டு உக்காந்திருக்கிறது இல்ல. மீனைக் கண்ணால பார்த்த பிறகுதான் தூண்டிலையே வீசணும்" என்றார். அரைநாளுக்கு 450 டாலர். அவ்வளவா என்று அப்போது மனசு அடித்துக்கொண்டது. காசு எதற்கு என்பது கடலில் இறங்கிய பத்தாவது நிமிடத்தில் புரிந்தது.

அங்கே ஃப்ளாட்ஸ் என்று சொல்கிறார்கள். முழங்காலளவு, இடுப்பளவுத் தண்ணீர், கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும். அடியில் வெள்ளை மணலும் கடற்புல்லும் மாறி மாறிக் கிடக்கும். ஓதம் ஏறும்போது ஆழத்திலிருந்து மீன்கள் மேய வரும், வற்றும்போது திரும்பிப் போகும். அந்த இடத்துக்குப் போனதும் இன்ஜினை அணைத்துவிடுகிறார்கள். வழிகாட்டி படகின் பின்னால், இன்ஜினுக்கு மேலே உள்ள ஒரு சின்ன மேடையில் ஏறி நின்று, 20 அடிக் கம்பை ஊன்றி ஊன்றிப் படகைத் தள்ளுகிறார். ஒரு சத்தம் கிடையாது. அந்த மேடையை 1970களில் பிஸ்கேன் விரிகுடாவில் முதலில் பொருத்தியவர் பில் கர்ட்டிஸ் என்ற வழிகாட்டி என்று அங்கே சொல்கிறார்கள். கேட்டதும் என் தொழில் புத்தி அதைப் பிடித்துக்கொண்டது. நின்ற இடம் உயர்ந்தால் தண்ணீரைப் பார்க்கும் கோணம் செங்குத்தாகும், கோணம் செங்குத்தானால் மேற்பரப்பின் மினுமினுப்பு குறையும். மூன்றடி உயரத்தில், கண்ணுக்குள் வரும் வெளிச்சத்தையே அந்த மனிதர் மாற்றிவிட்டார்.

தேடிய மீன் போன்ஃபிஷ். கண்ணாடித் துண்டுகளை ஒட்டிவைத்த மாதிரிச் செதில். மணலுக்கு மேல் நின்றால் மணல் நிறம் காட்டும், புல்லுக்கு மேல் நின்றால் புல் நிறம் காட்டும். அதனால் மீனைத் தேடாதே, அடியில் விழும் நிழலைத் தேடு என்றார் வழிகாட்டி. திசை சொல்வதற்குக் கடிகாரம். படகின் மூக்கு பன்னிரண்டு மணி. "பதினொரு மணி, நாற்பது அடி. தெரியுதா?" நான் அந்தப் பக்கம் பார்ப்பேன். பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீர். "உன்னை நோக்கி வருது. முப்பது அடி. இப்போ?" இல்லை. "போயிருச்சு."

இப்படியே நாலைந்து கூட்டம் போனது. கடைசியில் ஒன்றை நானே பார்த்தேன். பார்த்தது மீனைக்கூட இல்லை, வாலை. தலையை மணலுக்குள் நுழைத்து, இறாலையும் நண்டையும் தோண்டும்போது வால்நுனி தண்ணீருக்கு வெளியே வந்துவிடும். உள்ளங்கையில் பாதி அளவு, வெயிலில் நனைந்த வெள்ளித்தகடு மாதிரி, அது ஒருமுறை ஆடியது. உயிர் இறால் கோர்த்த தூண்டிலை அதற்கு முன்னால் தள்ளி வீசினேன். வழிகாட்டி மூச்சை அடக்கிக்கொண்டு "பொறு... பொறு..." என்றார். தூண்டில் நரம்பில் ஒரு சுரண்டல். உடனே நான் கம்பைச் சடக்கென்று மேலே தூக்கிவிட்டேன். இறால் மட்டும் பறந்து வந்து படகில் விழுந்தது.

மீன் வாயில் முழுசாக வாங்கி, நரம்பு தானாக இறுகும் வரை காத்திருக்க வேண்டுமாம். பிடித்திருந்தாலும் திரும்ப விட்டிருக்க வேண்டியதுதான், 2013 முதல் ஃப்ளோரிடாவில் போன்ஃபிஷைப் பிடித்தால் உயிரோடு விட வேண்டும் என்பது சட்டம். ஆனாலும் அன்றைக்கு முழுக்க எனக்குத் தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டே இருந்தது. அந்தத் தூக்கல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அது விராலுக்குத் தூக்குகிற தூக்கல். என் மாமா சொல்லிக்கொடுத்தது.

அம்மாவின் ஊர் மேலூர்ப் பக்கம். பெரியாறு கால்வாய்த் தண்ணீர் வந்து நிறையும் கண்மாய். அரைப்பரீட்சை லீவுக்குப் போனால் மாமாவின் பின்னாலேயே சுற்றுவேன். மூங்கில் கம்பு, நரம்பு, பெரிய முள், ஓட்டை போட்ட டப்பாவுக்குள் குட்டித் தவளைகள். இவ்வளவுதான் சாமான். கரையில் ஏறும்போதே, "உன் நிழலு தண்ணியில விழுந்துச்சுன்னா இன்னைக்கு இங்க மீன் இல்லைன்னு அர்த்தம். குனிஞ்சு வா" என்பார். பிறகு படித்தபோது அதன் கணக்கு விளங்கியது. தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேல் ஒரு வட்டத்துக்குள் சுருங்கித் தெரியும், ஏறக்குறைய 97 பாகை விரிந்த வட்டம். அதன் ஓரத்தில், தாழ்வாக இருப்பதெல்லாம் நசுங்கி இல்லாமல் போய்விடும். நிமிர்ந்து நிற்பவன் நடுவாக்கில் தெரிவான். குனிந்தவன் மறைவான். மாமா மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகவில்லை.

அல்லி இலைகளுக்கு நடுவே தவளையை வீசி, பைய, பைய, துள்ளவிட்டு இழுப்பார். 'டப்' என்று ஒரு சத்தம் வரும். மூன்று எண்ணி, ஒரே தூக்கு. தாமதித்தால் விரால் கொடிக்குள் புகுந்து சுற்றிக்கொள்ளும். அந்தத் தூக்கில் ஒரு விரால் கருங்கயிறு மாதிரி காற்றில் வளைந்து கரைமேட்டில் விழுவதைப் பார்த்தவனுக்கு அது ஆயுசுக்கும் மறக்காது.

ஒரு தடவை கரையோரமாக, தட்டளவு அகலத்துக்குத் தண்ணீர் சிவந்து நகர்ந்தது. மேலே தூறல் விழுகிற மாதிரி பொடிப்பொடியாகக் கொப்புளித்தது. விரால் குஞ்சுகள். செக்கச்செவேல் என்று நூற்றுக்கணக்கில் ஒன்றாகவே போகும், காற்று வாங்க ஒன்றாகவே மேலே வரும். அடியில் தாயும் தகப்பனும் காவல். அந்தச் சிவப்புக்கு நடுவில் எதைப் போட்டாலும், பசிக்கு இல்லாவிட்டாலும் கோபத்துக்கு வந்து கவ்விவிடும். அது எல்லோருக்கும் தெரிந்த சுலப வழி. நான் தவளை டப்பாவைத் திறந்தேன். மாமா என் மணிக்கட்டைப் பிடித்தார். "பிள்ளைக்காரியப் பிடிக்கக் கூடாதுடா." அந்தக் கொத்து தாமரைப் பக்கம் போய் மறைகிற வரை இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

கோடையில் கண்மாய் வற்றி, பெரியவர் துண்டை வீசிக் காட்டியதும் சுத்துப்பட்டு ஊரெல்லாம் ஊத்தா, கச்சா என்று மீன்பிடிச் சாமான்களோடு இறங்குகிற அழிகண்மாய் நாளில் மாமா கரையிலேயே நிற்பார். அந்தச் சந்தோசத்தை அவர் குறை சொன்னதில்லை. "கலங்குன தண்ணியில பிடிக்கிறது கை வேலை. எனக்குக் கண்ணு வேலைதான் வரும்" என்பார். வீட்டில் அன்றைக்கு எல்லா வீட்டையும் போல மீன்குழம்புதான், பக்கத்து வீட்டிலிருந்து வந்த கெளுத்தி.

இஸ்லமொராடாவிலிருந்து திரும்பி இரண்டு வருசம் கழித்துத்தான் அடுத்தது நடந்தது. தொண்டிக்குத் தெற்கே உள்ள ஒரு மீனவக் கிராமத்திலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேசன் முடிந்து, மறுபரிசோதனைக்காக மதுரைக்குக் கூட்டிவந்திருக்கிறார். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து கண்ணுக்கு என்றால் மதுரைக்குத்தான் வருவார்கள். 1976இல் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியதிலிருந்து இந்த ஊருக்கு அப்படி ஒரு பேர். அம்மாவுக்குக் கண்ணாடி அளவெடுத்து முடித்தபின், "எனக்கும் செத்த பாருங்க தம்பி, கிட்டத்துல எழுத்துத் தெரிய மாட்டேங்குது" என்று உட்கார்ந்தார். வயசு 48. வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போடும் வயசுதான், அது ஒன்றும் பெரிதில்லை. நான் விளக்கை அடித்துப் பார்த்தபோது கண்ணில்பட்டது வேறு. இரண்டு கண்ணிலும், மூக்குப் பக்கத்திலிருந்து, ஈயின் இறக்கை மாதிரி சிவந்த சவ்வு கருவிழிமேல் ஏறிக்கொண்டிருந்தது. கண்ணில் சதை வளர்வது என்பார்களே, அது. வலது கண்ணில் பாப்பாவைத் தொட இன்னும் கொஞ்சம்தான் மிச்சம்.

"அண்ணே, வெயில்லயே இருப்பீங்களா?"

"கடல்லதான் தம்பி, நாப்பது வருசமா. எழுத்துதான் தெரியல. மீனு தெரியுது."

மீன் எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "பாறை மீன் கூட்டம் வந்துச்சுன்னா தண்ணி மேல சுருக்கம் விழும். காத்துச் சுருக்கம் காத்தோட போகும். மீன் சுருக்கம் காத்துக்கு எதுக்கப் போகும். வத்துற நேரத்துல கடல் தாழைப் புல்லுக்கு நடுவுல மணல் தெரியிற இடத்துல நின்னீங்கன்னா, நெழலு மட்டும் தனியாப் போகும். மீனு தெரியாது." இஸ்லமொராடாவில் 450 டாலர் கொடுத்துக் கேட்ட அதே வார்த்தைகள், என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, தொண்டித் தமிழில். "எங்க பக்கம் வாங்க, காட்டுறேன்" என்றார். அவரை அண்ணன் என்றே எழுதுகிறேன், அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

மதுரையிலிருந்து தொண்டிக்கு நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கொச்சியில் தொடங்கும் 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை மதுரையைத் தொட்டு, சிவகங்கை, காளையார்கோவில், திருவாடானை வழியாகப் போய்த் தொண்டியில் கடலைப் பார்த்து முடிகிறது. மதுரைக்காரனுக்குக் கடல் என்றால் ராமேஸ்வரம், இல்லையென்றால் கரிமேடு மீன் மார்க்கெட். இடையில் இப்படி ஒரு கரை இருப்பதே நம்மில் பலருக்கு நினைவில் இல்லை.

பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். பெரும்பகுதி 15 மீட்டருக்குள் அடங்கிவிடும். ஓத ஏற்றத்தாழ்வு ஒரு மீட்டர்கூடக் கிடையாது. ஆனால் கரை அவ்வளவு சமதளமாக இருப்பதால், அந்தச் சின்ன வித்தியாசமே ஏராளமான இடத்தை மூடித் திறக்கும். அடியில் கடல் தாழை. புல்வெளி என்றே சொல்லலாம். கடல் பசு, இங்கே ஆவுளியா என்பார்கள், அது மேயும் புல் இது. அதற்காகத்தான் 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். இறாலும் நண்டும் குஞ்சு மீனும் ஒதுங்குவது இந்தத் தாழைக்குள்தான். இழுவைமடி ஒருமுறை ஓடினால் வேரோடு வழித்துக்கொண்டு போகும். கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு தொழில் செய்யக் கூடாது என்று 1983இன் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் சொல்கிறது. அந்த வரி காகிதத்தில் மட்டும் இருக்கும் வருசங்களில் தாழை திட்டுத்திட்டாக வழுக்கை விழுவதை அண்ணன் கைநீட்டிக் காட்டினார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

எப்போது போவது என்பதற்கும் கணக்கு உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று இந்தக் கடலைக் கலக்கிவிடும். அப்போது மண்டபத்துக்காரர்கள் தென்கடலுக்கு, அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், போய்விடுவார்கள். கச்சான் என்ற மேல்காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்க, இந்த வடகடல் அடங்கும். அந்தத் தென்கடலில்தான் 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் அறிவித்த மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா இருக்கிறது. தூண்டிலைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போகவே கூடாது. வாடை ஓய்ந்து, தண்ணீர் தெளிந்து, காற்று இன்னும் பிடிக்காத மாசி, பங்குனிதான் கண்ணுக்கான காலம். அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் வரச்சொன்னார்.

கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தில் விவரம் சொல்லிவிட்டு, லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, வெள்ளன ஆறு மணிக்கு அவருடைய பைபர் வள்ளத்தில் கிளம்பினோம். அணியத்தில் நான், பின்னால் அவர். இடுப்பளவுத் தண்ணீர் வந்ததும் இன்ஜினை நிறுத்திவிட்டு மூங்கில் கம்பை எடுத்தார். படகின் பின்கட்டையில் ஏறி நின்றார். யாரும் சொல்லிக் கொடுக்காமலே அதே இடம், அதே உயரம்.

"வெயில் முதுகுல இருக்கணும்" என்று படகைத் திருப்பினார். அப்புறம் அரைமணி நேரம் பேச்சே இல்லை. கம்பு மணலில் இறங்கும் 'சொரக்' சத்தம் மட்டும். பிறகு மெதுவாக:

"வாடைப் பக்கம் ஏழு பாகம்."

நான் விழித்தேன். கடிகாரம் இல்லை. இடது வலதும் இல்லை. காற்றின் பெயரில் திசை சொல்கிறார். வாடை என்றால் வடக்கு. கொண்டல் என்றால் கிழக்கு, திறந்த கடல். சோழகம் தெற்கு. கச்சான் கரைப்பக்கம், நம் மதுரை இருக்கும் பக்கம். கடிகாரத் திசை படகோடு சேர்ந்து திரும்பும். காற்றுத் திசை திரும்பாது, படகு எப்படி நின்றாலும் வாடை வாடைதான். எனக்கு இதுவே பிடித்தது. இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், ஆறடி. ஏழு பாகம் 42 அடி. அங்கே நாற்பது அடி என்று கத்திய அதே தூரம்.

வடக்கே திரும்பிப் பார்த்தேன். பால் கலந்த மாதிரி ஒரு கலங்கல், பாய் அளவுக்கு. "திருக்கை மேயிது. மண்ணக் கிண்டுது. பின்னாலயே பாறை நிக்கும் பாருங்க, கெளம்புற இறாலைப் பொறுக்கிக்கிட்டு."

நான் பையிலிருந்து போலராய்டு கண்ணாடியை எடுத்துப் போட்டேன். இரண்டு கொண்டுபோயிருந்தேன், தேன்நிற லென்சு. தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் பெரும்பாலும் படுக்கைவாட்டில் அதிர்வது. அதைத் தடுத்து, நெடுக்குவாட்டில் வருவதை மட்டும் உள்ளே விடும் லென்சு இது. நீர்மட்டத்துக்கு ஏறக்குறைய 37 பாகைச் சாய்வில் பார்க்கும்போது அது முழுப் பலன் கொடுக்கும். கடையில் இதை எத்தனையோ பேருக்கு, எதிர் வண்டி வெளிச்சம் கூசாது என்று சொல்லி விற்றிருக்கிறேன். இங்கேதான் அது எதற்கென்று பிறந்ததோ அந்த வேலையைச் செய்தது. கலங்கலின் ஓரத்தில், மூன்று நிழல். நிழலுக்கு மேலே, மஞ்சள் மங்கலாக, மூன்று மீன்.

இன்னொரு கண்ணாடியை அண்ணனிடம் நீட்டினேன். போட்டார். கம்பை ஊன்றியபடியே நின்றுவிட்டார். ரொம்ப நேரம் பேசவில்லை.

"தண்ணி எங்க தம்பி போச்சு?"

குனிந்து, நிமிர்ந்து, தலையைச் சாய்த்து எல்லாம் பார்த்தார். தலையைச் சாய்த்தால் மினுமினுப்பு திரும்ப வரும், நிமிர்த்தினால் போகும். அதைத் தானாகவே கண்டுபிடித்துச் சிரித்தார். ஆனால் பத்து நிமிடம் கழித்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டார். பிடிக்கவில்லையா என்று கேட்டேன். "உள்ள நல்லாத் தெரியுது. ஆனா மேல எழுதியிருக்கிறது அழிஞ்சுபோகுது. சுருக்கம் தெரியல. எனக்கு ரெண்டும் வேணும்."

22 வருசத் தொழிலில் போலராய்டு லென்சைப் பற்றி இவ்வளவு சரியாகச் சொன்னவர் வேறு யாரும் இல்லை. மேற்பரப்பின் பளபளப்பை எடுத்தால், அந்தப் பளபளப்பில் எழுதியிருந்த செய்தியும் சேர்ந்தே போகும். தூரத்தில் கூட்டம் வருவதைச் சுருக்கத்தை வைத்துப் பிடிக்க வெறுங்கண். கிட்டே வந்தபின் எந்த மீன், எத்தனை, எந்தப் பக்கம் தலை என்று பார்க்கக் கண்ணாடி. அன்றைக்கு முழுக்க நெற்றிக்கும் மூக்குக்குமாக ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தார்.

வீசினேன். சின்ன ஜிக் என்கிற செயற்கை இரை, மீனுக்கு முன்னால் இரண்டு முழம் தள்ளி. "விடுங்க, தரையில உக்காரட்டும்." உட்கார்ந்தது. ஒரு சுண்டு. மூன்று நிழலில் ஒன்று திரும்பியது. என் வலது கை தானாக எழும்பப் பார்த்தது, மாமாவின் கை. அடக்கிக்கொண்டேன். நரம்பு தானாக இறுகியது. அப்புறம் ரீல் கதறியது.

கரையை அடையாமல் கொண்டலைப் பார்த்து ஓடியது அது. தாழைக்குள் புகாமல் கம்பை உயர்த்திப் பிடிக்கச் சொல்லி, படகைப் பின்னாலேயே தள்ளினார் அண்ணன். கடைசியில் கையில் ஏந்தியபோது ஒன்றரைக் கிலோ இருக்கும். பொன் மஞ்சள், உடம்பில் அழிந்தும் அழியாத கறுப்புப் பட்டைகள். வாயைத் தொட்டேன், குழாய் மாதிரி முன்னால் நீண்டது. உள்ளே கட்டைவிரலை வைத்துத் தடவினால் பல்லே இல்லை, ஈரத்தோல் மாதிரி ஒரு வழவழப்பு. மணலை உறிஞ்சி இரையைப் பிரிக்கும் வாய். இந்தப் பாறை குட்டியாக இருக்கும்போது சுறா மாதிரிப் பெரிய மீன்களின் கூடவே, முகத்துக்கு முன்னாலேயே போகுமாம். அண்ணன் அதைப் பலமுறை பார்த்திருக்கிறார்.

"விடப் போறீங்களா?" என்றார். இஸ்லமொராடா கதையை வரும்போதே சொல்லியிருந்தேன்.

நான் பதில் சொல்லவில்லை. அவரே சொன்னார்: "சின்னதா இருந்தா நானே விட்டுருவேன். சினையா இருந்தா விடலாம். திங்கிற மீனப் பிடிச்சு, பிடிச்சோம்னு பாத்துட்டு விடுறது எனக்கு வெளங்கல. அதுக்கு வலிக்கத்தானே செய்யும்?"

இதை நான் நிறைய யோசித்திருக்கிறேன். அங்கே அந்தச் சட்டம் சரி. போன்ஃபிஷை யாரும் குழம்புக்குத் தேடுவதில்லை, அது உயிரோடு ஓடுவதில்தான் அந்த ஊர் வழிகாட்டிகளின் சோறு இருக்கிறது. அங்கேகூட, கையை நனைத்துக்கொள், தண்ணீருக்கு வெளியே தூக்காதே, படம் எடுக்க நேரம் வளர்த்தாதே என்பார்கள். காற்றில் அதிக நேரம் இருந்த மீன் விட்டதும் தள்ளாடும், சுற்றி நிற்கும் சுறாவுக்கு அதுவே போதும். ஆனால் அண்ணன் கேட்ட கேள்விக்கு அந்தச் சட்டத்தில் பதில் இல்லை. "பிள்ளைக்காரியப் பிடிக்கக் கூடாது" என்ற மாமாவுக்கும், பிடித்த விராலை ஒருநாளும் திரும்ப விட்டதாக எனக்கு நினைவில்லை. எந்த மீனை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது என்பது தூண்டிலை வீசும் முன்பே, கண்ணால் தீர்மானமாகிவிட வேண்டும் என்பது அவர்கள் இரண்டு பேரும் வைத்திருந்த வழி. நான் அந்தப் பக்கம்தான். அந்தப் பாறை வீட்டுக்கு வந்தது. அப்புறம் சிக்கிய இரண்டும் கையளவு, முள்ளை எடுத்துத் தண்ணீருக்குள்ளேயே விட்டோம்.

படகு தரைதட்டிய ஓரிடத்தில் இறங்கித் தள்ள வேண்டிவந்தது. "காலத் தூக்கி வைக்காதீங்க, தேச்சு நடங்க" என்று சத்தம் போட்டார். மணலுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கையை மிதித்தால் வால்முள் ஏறிவிடும். காலைத் தேய்த்தால் அதிர்வு தெரிந்து அது முதலிலேயே விலகிப்போகும். ஃப்ளோரிடாவிலும் இதையே சொன்னார்கள். பூமியின் இரண்டு பக்கத்திலும் ஆழமில்லாக் கடலில் நடப்பவர்கள் ஒரே நடையைக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

மத்தியானம் மதினி வைத்த பாறைக் குழம்பு. சாப்பிட்டுவிட்டுப் பணம் கொடுக்கப் போனேன். வாங்கவே மாட்டேன் என்றார். அங்கே இதே வேலையைச் செய்ய, காசு வாங்கிக்கொண்டு ஆளேற்றும் வழிகாட்டி கடலோரக் காவல்படையின் கேப்டன் லைசென்சு வைத்திருக்க வேண்டும், அவருக்குத் தொழிலில் ஒரு பேர் உண்டு, ஒரு மாசம் முன்னாலேயே சொல்லிவைக்க வேண்டும் என்றெல்லாம் விளக்கினேன். "நான் மீனைப் பாக்குறேன், அதுக்கு ஒரு காசா?" என்றார். கடைசியில் ஒருநாள் பாட்டுக்குக் கடலுக்குப் போனால் என்ன கிடைக்குமோ அந்தத் தொகையை மதினி கையில் கொடுத்தேன். அது குறைவு என்று எனக்கு இன்றைக்கும் படுகிறது.

அதற்கப்புறம் வருசத்துக்கு மூன்று நாலு தடவை போய்வருகிறேன். போகும்போதெல்லாம் பையில் கண்ணாடிகள். முதலில் கொண்டுபோன உலோகச் சட்டங்களின் திருகு உப்பில் துருப்பிடித்து ஒரே மாசத்தில் கழன்றது, அது என் தப்பு. இப்போது முழு பிளாஸ்டிக், கழுத்தில் கயிறு, பக்கவாட்டை வளைத்து மூடும் வடிவம். இந்தப் பக்கவாட்டு மூடல் முக்கியம். சதை ஏன் பெரும்பாலும் மூக்குப் பக்கத்திலிருந்தே வளர்கிறது என்று பலர் கேட்பார்கள். காதுப் பக்கத்திலிருந்து சாய்வாக வரும் வெயிலை, கருவிழியே ஒரு லென்சு மாதிரிக் குவித்து எதிர்ப்பக்க ஓரத்தில், அதாவது மூக்குப் பக்கம், விழவைக்கிறது என்பதுதான் அதற்குச் சொல்லும் காரணம். முன்னால் மட்டும் மறைக்கும் கண்ணாடி கடலில் பாதி வேலைதான் செய்யும். வெறும் கறுப்பாக இருந்து புறஊதாக் கதிரைத் தடுக்காத லென்சு அதைவிட மோசம், இருட்டுக்குக் கண்பாப்பா விரிந்து இன்னும் கூடுதலாக உள்ளே வாங்கும். கடற்கரைச் சந்தையில் ஐம்பது ரூபாய்க்கு விற்பதை வாங்கி மாட்டிக்கொள்ளும் பையன்களிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதுவரை அந்த ஊரில் 14 பேருக்குக் கண்ணாடி போட்டிருக்கிறேன். நெற்றிக்கும் மூக்குக்குமாக அவர்களும் ஏற்றி இறக்குகிறார்கள்.

அண்ணனின் வலது கண் சதை பாப்பாவைத் தொட்டுவிட்டது. நிழல் இரட்டையாகத் தெரிகிறது என்றார். நாலு மாதம் சொல்லிச் சொல்லி, போன வாரம்தான் மதுரைக்கு வந்தார். சவ்வை நீக்கிவிட்டு, அதே கண்ணின் மேல்பகுதியிலிருந்து நல்ல சவ்வைக் கொஞ்சம் எடுத்து அந்த இடத்தில் ஒட்டினார்கள், அப்படிச் செய்தால் திரும்ப வளர்வது குறையும். அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு மாசத்துக்கு வெயிலும் உப்புத்தண்ணீரும் ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், இரண்டு நாள் என் வீட்டிலேயே தங்கவைத்தேன்.

நேற்றுக் காலை கடையில், ஒரு கண்ணை மூடிய பச்சைத்துணியோடு அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மகன் முதல்முறையாக வள்ளத்தைத் தனியாக எடுத்துக்கொண்டு போயிருந்தான். ஏழரை மணிக்கு போன் வந்தது.

"காத்து எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டார் அண்ணன். பதிலைக் கேட்டுக்கொண்டார். "கண்ணாடியக் கழட்டு. நெத்திக்கு ஏத்து. ஏத்திட்டியா? இப்பச் சுருக்கம் எங்கிட்டுப் போகுது?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. கம்பு மணலில் இறங்கும் சத்தம் மட்டும் போனில் கேட்டது. அண்ணன் மற்ற கண்ணையும் மூடிக்கொண்டார்.

"பைய. எறங்காத. எத்தனை பாகம்னு சொல்லு."